குண்டெறி வீரர் பர்துமன் சிங்

நெமிலியிலும் சுற்றூர்களிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், பள்ளிப் பந்தயங்களிற் பிள்ளைகள் பெற்ற வெள்ளிக் கிண்ணங்களைப் பெற்றோர் துடைத்துத் துடைத்துப் போற்றுதலை யாம் கண்டிருக்கின்றோம். அவற்றினும் மிக உயர்ந்த பரிசுகளைப் பெற்ற ஒரு பெருவீரர் பிற்காலத்தில் எய்திய நிலையையும் நம்மவர் அறிதல் வேண்டுமென்று கருதி, அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

பர்துமன் சிங் பிரார் என்பார் 1927ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15ஆம் நாள், பஞ்சாபில் பட்டிண்டாவைச் சார்ந்த பக்தா பாய் கா என்னும் ஊரிற் பிறந்தார். கண்ணபிரான் திருமகனாகிய பிரத்தியும்னன் பெயரே அந்நாட்டு வழக்கிற் பர்துமன் எனத் திரிந்தது.

குண்டெறிதல் என்பது எளிய விளையாட்டன்று. குண்டின் நிறை 7.26 கிலோ, ஏழெட்டு மாதக் குழந்தையின் நிறை எனலாம். 7 அடி விட்டமுள்ள வட்டத்துள் நின்று, குண்டைக் கழுத்தோடு பொருத்தித் தோளினின்றும் ஒரு கையால் உந்துதல் வேண்டும். கையைத் தோளுக்குப் பின்னே கொண்டுபோய் வீசினால் அவ்வெறி தள்ளப்படும். ஆதலின், எறிதல் என்பதினும் உந்துதல் என்பதே இதற்குப் பொருந்திய பெயராம். வழக்கு வலிதாதலின் யாமும் எறிதல் என்றே எழுதுகின்றோம்.

1951ஆம் ஆண்டு தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில், குண்டெறிதலில் மதன் லாலும் வட்டெறிதலில் மக்கன் சிங்கும் பொற்பதக்கம் பெற்றனர். 1954இல் மணிலா நகரத்தில் அவ்விரண்டு பொன்னையும் பர்துமன் சிங் ஒருவரே கைக்கொண்டார். குண்டை 14.14 மீட்டரும், வட்டை 43.37 மீட்டரும் செலுத்தினார். ஒரே விழாவில் இவ்விரண்டிலும் முதன்மை பெறுதல் அரிதினும் அரிது.

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. அதே மே மாதத்தில் அமெரிக்கராகிய பாரி ஓ'பிரையன் 60 அடி எல்லையைக் கடந்தார். நம் வீரர் எறிந்தது 46 அடிக்குச் சிறிது மேற்பட்டதே. எறியுந் திசைக்கு முதுகு காட்டி நின்று, சறுக்கித் திரும்பி உந்தும் புதுமுறையை அவ்வமெரிக்கர் கண்டிருந்தார். வலிமை ஒன்றே போதாது, முறையும் வேண்டும் என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டிருந்தது. நம் வீரரும் நின்றவிடத்தே நின்றாரல்லர். 1958இல் டோக்கியோவில் 15.04 மீட்டர் எறிந்து மீண்டும் பொன் பெற்றார். வட்டெறிதலில் வெண்கலமும் பெற்றார். 1962இல் ஜகார்த்தாவில் வட்டெறிதலில் வெள்ளி கிடைத்தது.

இனிக் கூறுவது துன்பக் கதை. 1980ஐ அடுத்த ஆண்டுகளில் நேர்ந்த சாலை விபத்தொன்றால் அவர் உடல் செயலற்றது. மூன்று விழாக்களில் நாட்டின் கொடியை உயர்த்திய அக்கைகள் தம் உடலைத் தாமே தாங்கமாட்டாதனவாயின; வறுமையும் உடன் வந்து சூழ்ந்தது. பொன் பெற்ற நாளிற் கூடிய கூட்டத்தில், படுக்கையருகே வந்தவர் எத்துணைப் பேர்? விளையாட்டு வீரர்க்கென அர்ச்சுனா விருது 1961லேயே ஏற்படுத்தப்பட்டது. மணிலாவில் இரு பொன் வென்ற இவர்க்கோ அது 1999இல், 45 ஆண்டுகள் கழிந்தபின், எழுந்து நிற்கவும் இயலாத முதுமையில் வழங்கப்பட்டது. விருதினும் வைத்தியச் செலவுக்குரிய உதவியே அவர்க்கு முற்பட வேண்டியிருந்தது என்பது எம் கருத்து.

2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் நாள், தம் 79ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே அவர் காலமானார்.