30 கோடுகளில் ஒரு முகம்



இன்றைக்குக் கோயில் திருவிழா, கபடிப் போட்டி, கல்யாணம், காதுகுத்து என்று எல்லாமே நேரலை ஆகிவிட்டது. கையில் ஒரு போன் இருந்தால் போதும், நாமே ஒரு டி.வி. நிலையம்! ஆனால் ஒளியும் நிழலுமாக ஒரு மனித முகத்தை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு முதன்முதலாக அனுப்பிக் காட்டியவர் யார் என்று கேட்டால், நம்மில் பலருக்குச் சட்டென்று பெயர் வராது. அவர்தான் ஜான் லோகி பெயர்டு. அவரும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான் என்பது நமக்கெல்லாம் பெருமை!

பிறப்பும் படிப்பும்

ஸ்காட்லாந்தில் ஹெலன்ஸ்பர்க் என்னும் கடலோர ஊரில் 1888 ஆகஸ்ட் 13 அன்று பெயர்டு பிறந்தார். தந்தை பாதிரியார். 4 பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. சின்ன வயசிலிருந்தே அடிக்கடி படுத்துக்கொள்ளும் உடம்பு. ஆனால் மூளை சும்மா இருக்கவில்லை. பள்ளிப் பருவத்திலேயே தன் வீட்டிலிருந்து நண்பர்கள் வீடுகளுக்குக் கம்பி இழுத்து டெலிபோன் போட்டார். வீட்டுக்கு மின்விளக்கும் அமைத்தார்.

பிறகு கிளாஸ்கோவில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1914-ல் டிப்ளமோ வாங்கினார். படிக்கும்போதே தொழிற்சாலைகளில் பயிற்சி வேலையும் பார்த்தார். பட்டம் வாங்கக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போர் குறுக்கே வந்தது, பட்டம் வாங்காமலே போயிற்று. ராணுவத்திலும் உடல்தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மின்சாரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார்.

அதற்கப்புறம் அவர் பண்ணாத வியாபாரம் இல்லை! ஈரம் தாக்காத காலுறை விற்றார். டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் காய்ச்சினார். லண்டனில் சோப்பு விற்றார். எதுவும் நிலைக்கவில்லை. ஒவ்வொன்றையும் உடல்நலக் கேடு வந்து கெடுத்தது.

குப்பையிலிருந்து ஒரு கருவி

1923-ல் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகருக்கு வந்தார். கையில் காசு இல்லை. தொப்பி வைக்கும் அட்டைப்பெட்டி, பழைய தேயிலைப் பெட்டி, தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கின் கண்ணாடி வில்லை, அரக்கு, பசை, இவைதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

அடிப்படை யோசனை புதிதல்ல. சுருள் வரிசையில் துளைகள் போட்ட ஒரு வட்டத் தகட்டைச் சுழற்றினால், ஒவ்வொரு துளையும் படத்தின் ஒரு கோட்டை வருடிச் செல்லும் என்று ஜெர்மனியைச் சேர்ந்த பால் நிப்கோ 1884-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அந்த ஒளியை மின்சாரமாக மாற்றி, மறுமுனையில் அதே வேகத்தில் சுற்றும் இன்னொரு தகட்டின் வழியாகத் திரும்ப ஒளியாக்கினால் படம் வரும். சொல்வதற்கு சுலபம். செய்து காட்டியவர் பெயர்டு.

1924-ல் வெறும் நிழலுருவங்களை அனுப்பிக் காட்டினார். அதே ஆண்டு 1000 வோல்ட் மின்சாரம் தாக்கிக் கை வெந்து, உயிர் தப்பினார். இடத்துக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். லண்டனில் ஃபிரித் தெரு 22-ஆம் எண் கட்டடத்தின் மாடிக்குக் குடிபோனார்.

1925 அக்டோபர் 2. ஒரு பொம்மைத் தலையின் உருவம் கண், மூக்கு, வாயோடு திரையில் தெரிந்தது. உடனே கீழே ஓடி, ஆபீஸ் பையனாக இருந்த 20 வயது வில்லியம் டெயின்டனைக் கூட்டிவந்து கருவி முன்னால் உட்கார வைத்தார். விளக்குச் சூடு தாங்காமல் பையன் விலகிவிட்டான். இரண்டரை ஷில்லிங் கொடுத்து மறுபடி உட்கார வைத்தார். டெலிவிஷனில் தெரிந்த முதல் மனிதமுகம் ஒரு கடைநிலை ஊழியனுடையது! 1926 ஜனவரி 26-ல் அறிவியலாளர்கள் முன்னிலையில் இதைச் செய்துகாட்டினார். 1927-ல் லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 438 மைல் தூரம் டெலிபோன் கம்பியில் படம் போனது. 1928-ல் அட்லாண்டிக் கடலையும் தாண்டியது.

வாய்க்கால் கொள்ளுமளவுதான் தண்ணீர்

இனிதான் நம் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஆரம்பத்தில் நொடிக்கு 5 படம் அனுப்பியவர், பிறகு 30 கோடுகள், நொடிக்கு 12.5 படங்கள் என்ற கணக்குக்கு வந்தார். ஏன் 30? ஏன் 100 வைக்கவில்லை?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவருடைய படம் நெட்டுக்குத்தானது, உயரம் 7 பங்கு, அகலம் 3 பங்கு. ஒரு முகமும் தோளும் அடங்கும் வடிவம். 30 கோடுகளும் மேலும் கீழுமாக ஓடும். ஒரு கோட்டில் சுமார் 70 புள்ளிகள். ஒரு படத்துக்கு 30 × 70 = 2,100 புள்ளிகள். நொடிக்கு 12.5 படம் என்றால் 26,250 புள்ளிகள். இரண்டு புள்ளிக்கு ஓர் அலை வீதம் ஏறக்குறைய 13 கிலோஹெர்ட்ஸ். பேச்சுக்கும் பாட்டுக்கும் என்று அமைந்த மத்திய அலை வானொலியில் இதற்கே மூச்சு முட்டும். இதற்குமேல் போனால் பக்கத்து நிலையத்தின் வரப்பைத் தாண்டிவிடும். கோடு குறைவாக இருந்ததற்கு அறிவுக் குறைவு காரணமில்லை, வாய்க்காலின் அகலம்தான் காரணம்!

1929 செப்டம்பர் 30-ல் பி.பி.சி. டிரான்ஸ்மிட்டர் வழியாக ஒளிபரப்பு தொடங்கியது. டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான் கிடைத்தது. அதனால் முதலில் ஒருவர் முகம் ஊமையாகத் தெரியும், பிறகு அவர் குரல் மட்டும் கேட்கும்! இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் வந்தபின் 1930 மார்ச் 31-ல்தான் படமும் ஒலியும் சேர்ந்து போயின. 30 கோட்டில் முகம் மங்கித் தெரியும் என்பதால் நடிகர்கள் முகத்தை வெள்ளையாகப் பூசி, புருவத்தையும் உதட்டையும் அழுத்தமான மையால் வரைந்துகொண்டார்கள். 1931 ஜூன் 3-ல் எப்சம் குதிரைப் பந்தயத்தை மைதானத்திலிருந்தே நேரடியாக அனுப்பினார். அதே ஆண்டில் மார்கரெட் ஆல்பு என்ற பியானோ கலைஞரை மணந்தார்.

தோல்வியும் வந்தது

1936 நவம்பர் 2-ல் லண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி.யின் முறையான டி.வி. சேவை தொடங்கியது. ஒரு வாரம் பெயர்டு முறை, மறுவாரம் மார்கோனி-இ.எம்.ஐ. முறை. பெயர்டு முறையில் 240 கோடுகள். மற்றதில் 405 கோடுகள். அதில் ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு தடவையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுதடவையும் அனுப்பியதால், அதிக அலைவரிசை கேட்காமலே கண்ணுக்கு நடுக்கம் குறைந்தது. காமிராவும் முழு மின்னணுக் காமிரா. பெயர்டு முறையிலோ ஃபிலிமில் எடுத்து, அங்கேயே கழுவி, பிறகு வருடி அனுப்ப வேண்டும். நேரலை என்று பேர், ஆனால் சுமார் 1 நிமிடம் தாமதம்! காமிராவை இடம் நகர்த்தவும் முடியாது. இதற்கிடையே நவம்பர் 30-ல் கிறிஸ்டல் மாளிகை தீப்பற்றி எரிந்ததில் அங்கிருந்த அவருடைய கம்பெனி ஆய்வுக்கூடமும் அழிந்தது. 1937 தொடக்கத்தில் பி.பி.சி. அவர் முறையைக் கைவிட்டது.

வேற ஆளா இருந்தா அதோட உட்கார்ந்திருப்பாங்க. பெயர்டு உட்காரவில்லை. தன்னைத் தோற்கடித்த அதே மின்னணு வழியைத் தானும் கையில் எடுத்தார். போர்க்காலத்தில் வீட்டிலேயே உழைத்து, 1944 ஆகஸ்டில் முழு மின்னணு வண்ணத் திரைக்குழாயைச் செய்து காட்டினார். போரால் நின்றிருந்த பி.பி.சி. டெலிவிஷன் 1946 ஜூன் 7-ல் மீண்டும் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 14 அன்று, பெக்ஸ்ஹில் நகரில் 57 வயதில் பெயர்டு காலமானார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

இன்று 1280 × 720 அளவில் நொடிக்கு 25 படம் என்றால் 2 கோடியே 30 லட்சம் புள்ளிகள். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு சுமார் 276 மெகாபிட். எச்.264 என்கோடர் அதை 3 மெகாபிட்டுக்குள் சுருக்கித் தருகிறது, ஏறக்குறைய 90-ல் ஒரு பங்கு! ஆனாலும் வாய்க்கால் கணக்கு மாறவில்லை.

கல்லூரி விழாவை நேரலை செய்யும்போது முதலில் அப்லோடு வேகத்தை அளந்து பார்க்க வேண்டும், அதுவும் கூட்டம் வந்தபிறகு. 6 மெகாபிட் இருந்தால் பாதியைத்தான் எடுக்கணும். படத்துக்கு 3 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவாக, ஒலிக்கு 128 கிலோபிட், 2 நொடிக்கு ஒரு முழுப்படம், இது பத்திரமான கணக்கு. மீதி நெரிசலுக்கு. பெயர்டு நடிகர்களுக்கு மை பூசினார். நாம் மேடைக்கு நல்ல வெளிச்சமும் பின்னால் வெற்றுத் துணியும் கொடுத்தாலே என்கோடருக்குப் பாதி பாரம் குறையும், ஜிகினாத் திரை பிட்டுகளைத் தின்றுவிடும். பேச்சின் எழுத்து வடிவத்தைப் படத்தின்மேல் பதிக்காமல் தனியாக அனுப்பினால், படம் மங்கினாலும் எழுத்து மங்காது. காது கேளாதவர்களும் விழாவில் பங்கு பெறுவார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அம்மாவால் விழாவுக்கு வர முடியாது. வேலை செய்யும் இடத்தில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடுதான் காட்டும். யூடியூப் போன்ற தளங்கள் நாம் அனுப்புவதைச் சின்னச் சின்ன அளவுகளிலும் மாற்றித் தரும், அதில் மிகச் சிறியதுதான் அம்மாவுக்குக் கிடைக்கும். அதில் முகம் தெளிவாகத் தெரியாது, பரவாயில்லை. பெயர் கூப்பிடும் குரல் கேட்கணும், அதுதான் முக்கியம். நாம் பெருமைக்காக 1080 என்று வைத்து அப்லோடு திணறினால் வசதியுள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் சேர்த்து வட்டம் சுத்திக்கிட்டே நிற்கும். நம்மில் பலர் வீட்டு நிலைமை இதுதானே தோழர்களே!

இருக்கிற வாய்க்காலை அளந்து, அதற்குள் ஒரு மனித முகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெயர்டு. டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால், தேயிலைப் பெட்டியையும் தையல் ஊசியையும் வைத்து டெலிவிஷன் செய்தவரை நினைத்துக்கொள்வோம். கிடைத்ததை வைத்துத் தொடங்குவோம். புதியது வந்தால் அதையும் கற்போம். வெற்றி நமதே!

– இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை