‘ரிப்பீட்டர்’ துவக்கும் ஜோன் பிரவுனிங்கும்

நமது பத்திரிகைகளின் குற்றச் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் சொற்களுள் ‘ரிப்பீட்டர்’ என்பதும் ஒன்று. ஒருமுறை தோட்டாக்களை நிரப்பிவிட்டு அடுத்தடுத்துச் சுடக்கூடிய 12 போர் வேட்டைத் துவக்கையே நம்மவர் இப்பெயரால் அழைக்கின்றனர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வசிக்கும் ஒருவர் கடைக்குச் சென்று காசு கொடுத்து வாங்கிவரக்கூடிய பொருள் அன்று அது. அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகள் அனைத்தையும் மீளாய்வுக்காக வெலிசறை கடற்படை முகாமிலுள்ள களஞ்சியத்தில் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதை வாசகர்கள் அறிவர். இவ்வாறு அரசுகள் கணக்கெடுத்துக் காவல் காக்கும் இந்தத் துவக்கு ஒரு மனிதரின் பட்டறையில், நீர்வாத்தும் காட்டுக்கோழியும் சுடுவதற்காகப் பிறந்தது. அந்த மனிதரின் பெயர் ஜோன் மோசஸ் பிரவுனிங்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஒக்டன் என்னும் சிற்றூரில் 1855 ஜனவரியில் அவர் பிறந்தார். தந்தை ஜொனதன் பிரவுனிங்கும் துவக்குத் தொழிலாளியே. மோர்மன் என்ற கிறிஸ்தவ சமயப் பிரிவைத் தழுவியதால் இலினோய் மாநிலத்திலிருந்து தம் மக்களுடன் இடம்பெயர்ந்து, வழியெங்கும் குடியேறிகளுக்குத் துவக்குகளைச் செய்தும் பழுதுபார்த்தும் கொடுத்து, 1852 இல் யூட்டாவை வந்தடைந்தவர். அப்பிரிவின் அக்கால வழக்கப்படி அவருக்கு மூன்று மனைவியரும் 22 பிள்ளைகளும் இருந்தனர். இத்தனை வாய்களுக்கும் சோறு போட்டது ஒக்டனிலிருந்த ஒரு சிறு பட்டறை.

அப்பட்டறையின் கழிவிரும்புக் குவியலே சிறுவன் ஜோனின் பள்ளிக்கூடமாயிற்று. பத்து வயதில், எறிந்துகிடந்த உடைந்த குழாயொன்றையும் ஒரு பலகைத் துண்டையும் கம்பியால் இணைத்து ஒரு துவக்கைச் செய்து, தம்பி மாத்யூவுடன் சென்று அதனாலேயே காட்டுக்கோழி சுட்டுவந்தார் என்று குடும்பத்தார் சொல்லிவந்தனர். முறையான கல்வி பதினைந்து வயதளவில் நின்றுபோயிற்று. வரைபடம் வரைந்து வேலை செய்யும் பழக்கம் அவரிடம் பிற்காலத்திலும் பெரிதாக இருக்கவில்லை. மனதில் உருவான பொறியை நேரே இரும்பில் வெட்டி எடுப்பவர் அவர்.

1879 அவர் வாழ்வில் முக்கியமான ஆண்டு. திருமணம் நடந்ததும், தந்தை மறைந்ததும், ஒற்றை வேட்டு ரைபிள் ஒன்றுக்கு முதலாவது காப்புரிமை கிடைத்ததும் அதே ஆண்டில்தான். சகோதரர்கள் சேர்ந்து அந்த ரைபிளைக் கையாலேயே செய்து விற்றனர். அவற்றில் ஒன்று தற்செயலாகப் புகழ்பெற்ற வின்செஸ்டர் நிறுவனத்தின் பார்வைக்குச் சென்றது. 1883 இல் அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி தோமஸ் பென்னட் ரயிலேறி ஒக்டனுக்கே வந்தார். பெரிய தொழிற்சாலையை எதிர்பார்த்து வந்தவர், மலையடிவாரத்து ஊரில் அழுக்குப் படிந்த கைகளோடு நின்ற சில இளைஞர்களையே கண்டார். 8,000 டொலருக்கு அந்த ரைபிளின் உரிமையை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அன்று தொடங்கிய உறவு பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. பிரவுனிங் வடிவமைத்த 44 துவக்குகளை வின்செஸ்டர் வாங்கிற்று. ஆயினும் அவற்றுள் பத்தளவிலேயே உற்பத்திக்கு வந்தன. ஏனையவை வேறு நிறுவனங்களின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே வாங்கிப் பூட்டிவைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரே தடவையில் ஒரு தொகை. அத்தோடு கணக்கு முடிந்தது. விற்பனையாகும் ஒவ்வொரு துவக்குக்கும் இவ்வளவு என்ற பங்குப் பணம் ஒருபோதும் வழங்கப்படவில்லை. உழைப்பவனின் மூளையை மொத்த விலைக்கு வாங்கும் இந்த ஏற்பாடு நெடுங்காலம் அவருக்கு உறுத்தவில்லை என்பது வியப்புத்தான். நடுவே 1887 முதல் இரண்டாண்டுகள் துவக்கையும் பட்டறையையும் மறந்து, தமது சமயப் பிரசாரகராக ஜோர்ஜியா மாநிலத்தில் தெருத்தெருவாக அலைந்திருக்கிறார்.

பிரிவுக்குக் காரணமானது ஒரு வேட்டைத் துவக்கே. அதன் அருமையை உணர, அக்காலத்து 12 போர் துவக்கைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். குழாயின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை வரும். 12 போர் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. ஒற்றைக் குழல் துவக்கில் ஒரு வெடி, இரட்டைக் குழல் துவக்கில் இரண்டு வெடி. அதன் பின்னர் துவக்கை மடித்து மீண்டும் தோட்டா போட வேண்டும். கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டாவை மாற்றும் ‘பம்ப்’ வகைத் துவக்கை வின்செஸ்டருக்கு உருவாக்கிக் கொடுத்தவரும் பிரவுனிங்தான். 1897 ஆம் ஆண்டின் மாதிரி அதில் பெரும்பெயர் பெற்றது. ஆனால், கையின் உதவியே இல்லாமல் துவக்கு தன்னைத்தானே நிரப்பிக்கொள்ள முடியாதா என்பதே அவரை ஆட்டிவைத்த கேள்வியாக இருந்தது.

வெடித்தவுடன் துவக்கு தோளில் இடிக்கிறதல்லவா? வீணாகும் அந்த உதைப்பையே அவர் வேலைக்கு அமர்த்தினார். வெடி தீர்ந்ததும் குழாயும் அதன் பின்னுள்ள அடைப்பும் ஒன்றோடொன்று பூட்டியபடியே பின்னோக்கி ஓடும். பின் குழாய் மட்டும் சுருள்வில்லின் விசையால் முன்னே திரும்பும். அந்த இடைவெளியில் வெற்றுத் தோட்டா வெளியே வீசப்படும். தொடர்ந்து அடைப்பு முன்னேறுகையில் அடுத்த தோட்டாவைத் தன்னோடு தள்ளிச் சென்று குழாயினுள் வைக்கும். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே வெடிதான். விரலை விட்டு மீண்டும் அழுத்தினாலே அடுத்தது. இதனாலேயே இதற்கு அரைத் தானியங்கி என்று பெயர்.

சொல்வதற்கு இது எளிது. ஆனால், அக்காலத்துத் தோட்டாக்கள் காகித உறையாலானவை. ஈரம் பட்டால் ஊதும். கரிமருந்து நிரப்பியதும் உண்டு, புகையற்ற மருந்து நிரப்பியதும் உண்டு. ஒன்றின் உதைப்பு மெல்லியது, மற்றதன் உதைப்பு வன்மையானது. மெல்லிய தோட்டாவுக்குப் பொருந்தச் செய்தால் வன்மையானது துவக்கையே உடைக்கும். வன்மையானதற்குப் பொருந்தச் செய்தால் மெல்லியது அரைவழியில் சிக்கி நிற்கும். பிரவுனிங் கண்ட விடை, குழாயின் கீழே உராய்வு வளையங்களை வைப்பதாகும். வளையத்தை இடம் மாற்றி வைத்தால் உராய்வு கூடும் அல்லது குறையும். பட்டறைக்குப் போகாமல் வேட்டைக்காரனே இதனைச் செய்துகொள்ளலாம். விலை மலிவான தோட்டாவோடும் நம்பிக்கையாக இயங்கும் துவக்கு இவ்வாறுதான் உருவாயிற்று. அவருடைய இயந்திரத் துப்பாக்கிகள் அனைத்தையும் விட இந்தச் சிறு வளையத்திலேயே அவரது மேதைமை தெளிவாகத் தெரிகிறது என்பது இக்கட்டுரையாளனின் எண்ணம்.

1900 ஒக்டோபரில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இம்முறை மொத்த விலைக்குத் தர அவர் இணங்கவில்லை. விற்பனையாகும் ஒவ்வொரு துவக்குக்கும் பங்கு கேட்டார். பென்னட் தயங்கினார், நாட்களைக் கடத்தினார், இறுதியில் மறுத்தார். தாங்கள் விற்றுக்கொண்டிருந்த ஏனைய துவக்குகளின் சந்தையை இப்புதியது விழுங்கிவிடும் என்ற அச்சமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டு உறவு அந்த அறையிலேயே முறிந்தது. பிரவுனிங் தமது மாதிரித் துவக்கோடு நேரே ரெமிங்டன் நிறுவனத்தின் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைக் காணச் சென்றார். அன்று 1902 ஜனவரி 8 ஆம் திகதி. அலுவலகத்தில் காத்திருந்தவருக்கு, ஹார்ட்லி மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்ற செய்திதான் வந்தது.

வேறொருவராயின் வின்செஸ்டரின் வாசலுக்கே திரும்பியிருப்பார். பிரவுனிங்கோ கப்பலேறினார். பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலுள்ள எப்.என். என்னும் தொழிற்சாலை ஏற்கெனவே அவருடைய கைத்துப்பாக்கியை உற்பத்தி செய்துவந்தது. அங்கே இத்துவக்கை இரு கரமும் நீட்டி வரவேற்றனர். ஒப்பந்தம் கைச்சாத்தானதும், உற்பத்தியாகப்போகும் துவக்குகளில் பத்தாயிரத்தைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும் அவர் உறுதியளித்தார். தமது கண்டுபிடிப்பின் மீது இத்துணை நம்பிக்கை வைத்தவர்கள் அரிது. நான்கு தோட்டாக்கள் களஞ்சியக் குழாயிலும் ஒன்று சுடுகுழாயிலுமாக ஐந்து வெடி என்பதால் பின்னாளில் அது ‘ஓட்டோ-5’ எனப்பட்டது. அமெரிக்க இறக்குமதித் தீர்வை கூடியபோது 1905 இலிருந்து ரெமிங்டன் நிறுவனமே அனுமதி பெற்று அங்கு அதனைச் செய்து விற்றது. போட்டிக்கு நின்ற வின்செஸ்டருக்கு நேர்ந்தது வேடிக்கையானது. பிரவுனிங்கின் காப்புரிமை எங்கும் ஓட்டையின்றி இருந்ததால், அதன் இழுபிடியைக்கூட நகல் செய்ய இயலவில்லை. 1911 இல் அந்நிறுவனம் வெளியிட்ட துவக்கைக் குழாயைப் பிடித்துத் தள்ளியே இயக்க வேண்டியிருந்தது. வாய்ப்புறம் தன்னை நோக்கியிருக்க அவ்வாறு தள்ளுவது ஆபத்தானதென அது கெட்ட பெயர் எடுத்தது.

வாத்து வேட்டைக்கென்று செய்த துவக்குகள் வாத்து வேட்டையோடு நிற்கவில்லை. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பிரவுனிங்கின் 1897 மாதிரியைப் பதுங்குகுழிச் சண்டைகளில் பயன்படுத்தினர். தேவையற்ற துன்பம் விளைவிக்கும் ஆயுதம் இது என 1918 செப்டெம்பரில் ஜேர்மனி முறைப்படி ஆட்சேபித்தது. அந்தப் போருக்குத் தீமூட்டிய 1914 ஜூன் 28 சரயேவோ கொலையும் எப்.என். தயாரித்த பிரவுனிங் கைத்துப்பாக்கியாலேயே நிகழ்ந்தது. 1948 இல் மலாயாவில் அவசரகாலநிலை பிறந்தபோது பிரித்தானியப் படையினர் ஓட்டோ-5 துவக்கையும் அதன் ரெமிங்டன் உடன்பிறப்பையும் காட்டுக்குள் கொண்டுசென்றனர். அடர்ந்த காட்டில் எதிரி கண்ணுக்குத் தெரியும் தூரம் மிகக் குறைவு; அங்கு ரைபிளை விட இதுவே பயன்பட்டது. அந்தக் காடுகளின் ஓரத்திலிருந்த இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்தோருள் தமிழர் பெருந்தொகையினர் என்பதை இங்கு நினைவூட்டத் தேவையில்லை.

இலங்கையில் வேட்டைத் துவக்கின் கதை வேறு வகையானது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் விவசாயி கையில் இருந்தது பெரும்பாலும் இடியன் துவக்கு, அல்லது ஒற்றைக் குழல் துவக்கு. பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் பயிரைக் காப்பதே அதன் வேலை. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததற்கு மறு ஆண்டு, 1916 இல், 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் வந்தது; இன்றும் அனுமதிப்பத்திர முறையின் அடிப்படை அதுவே. பிற்காலத்தில் 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஈடுபட்ட இளைஞர்கள் முதலில் தேடியது கிராமத்து வீடுகளில் இருந்த அனுமதி பெற்ற வேட்டைத் துவக்குகளையே. போர்க்காலத்தில் எல்லைப்புறச் சிங்கள, முஸ்லிம் கிராமங்களின் ஊர்காவல் படையினருக்கு அரசு 12 போர் துவக்குகளை வழங்கிற்று. ஓர் ஊர் நிம்மதியாகத் தூங்குவதற்காகக் கொடுக்கப்பட்ட அதே துவக்கு, வயல்வெளிக்கு அப்பாலிருந்த தமிழ் ஊரின் தூக்கத்தைக் கெடுத்தது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களோ 1990 இல் பட்ட பெருந்துயரை அந்தத் துவக்குகளால் தடுத்துக்கொள்ள முடியவில்லை. இரு தரப்பிலும் அந்நாட்களை நேரில் அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர்.

பிரவுனிங்கின் பெயரை நம்மவர் பலரும் அறிந்தது ஐம்பது கலிபர் வாயிலாகவே. அந்தக் கனரக இயந்திரத் துப்பாக்கிக்கும் மூலவர் அவரே. முதலாம் உலகப் போரில் தமது இயந்திரத் துப்பாக்கி உரிமைகளுக்காக அமெரிக்க அரசு முன்வைத்த 750,000 டொலரைப் பேரம் பேசாமல் அவர் ஏற்றுக்கொண்டார். பங்குப் பணமாகக் கேட்டிருப்பின் அதைப்போலப் பல மடங்கு கிடைத்திருக்கும். நிறுவனத்திடம் பங்கு கேட்டுப் பிடிவாதமாய் நின்றவர் நாட்டிடம் கேட்கவில்லை.

தமது வாழ்நாளில் 128 காப்புரிமைகளைப் பெற்ற அவர், முதுமையில் லியேஜுக்கும் ஒக்டனுக்குமாகப் பலமுறை கடல் கடந்தார். 1926 நவம்பர் 26 ஆம் திகதி, எப்.என். தொழிற்சாலையில், மகன் வல் பிரவுனிங்கின் அலுவலக அறையில், இதயம் செயலிழந்து காலமானார். ஓட்டோ-5 அவருக்குப் பின்னரும் நெடுங்காலம் வாழ்ந்தது. பெல்ஜியத்திலும் பின்னர் ஜப்பானிலுமாக 1998 வரை அதன் உற்பத்தி தொடர்ந்தது.

இறக்கும்போது அவர் கைவசம் முடிவுறாமல் இருந்தது மற்றொரு வேட்டைத் துவக்கு. ஐந்து வெடியன்று, இரண்டே வெடி. ஒரு குழல் மேலும் ஒரு குழல் கீழுமாக அமைந்தது. செல்வந்தர் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த அவ்வகைத் துவக்கைச் சாதாரண வேட்டைக்காரனுக்கும் எட்டும் விலையில் கொடுப்பதே அவரது நோக்கமாயிருந்தது. எஞ்சியிருந்த வேலையை மகன் வல் செய்து முடித்தார். 1931 இல், உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவியபோது, அது சந்தைக்கு வந்தது.