உளி பிடித்த கை

மையும் தூரிகையும் படித்த சீமான்களுக்கு, உளியும் கொட்டாப்புளியும் பாட்டாளிக்கு! சீன நாட்டிலே நெடுங்காலம் நிலவிய நியதி இது. அந்த வேலியைத் தாண்டி வந்தவர் ஒரு தச்சர். சி பாய்ஷி என்பது அவர் பெயர். உழைக்கும் தோழர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் என்று கருதுகிறோம்.

1864ஆம் ஆண்டின் முதல் நாள், ஹூனான் மாகாணத்தில் ஏழை உழவர் வீட்டிலே பிறந்தார். பாட்டனார் அடுப்புச் சாம்பலில் இடுக்கியால் கீறி எழுத்துக் கற்றுக் கொடுத்தார். பள்ளிக்கூடம் கண்டது ஓராண்டுகூட இல்லை. வீட்டிலே வறுமை, சிறுவன் மாடு மேய்க்கப் போனான். பேரன் அந்தியில் திரும்பி வரும் ஓசை காதில் விழவேண்டும் என்று பாட்டியார் அவன் கழுத்திலே சிறு மணியொன்றைக் கட்டி அனுப்பினார்.

வயல் வேலைக்கு உடல் இடங்கொடுக்கவில்லை. தச்சு கற்க அனுப்பினார்கள். வீட்டுக்கு உத்தரம் தூக்கி நிறுத்தும் முரட்டு வேலை. ஒரு நாள், எதிரே சித்திர வேலைத் தச்சர்கள் வரக்கண்டு, அவருடைய ஆசான் வழிவிட்டு ஒதுங்கிப் பணிவோடு நின்றார். எல்லாரும் தச்சர்கள்தாம்! உழைப்பாளிகளுக்குள்ளேயும் மேல் கீழா? பையன் மனம் கொதித்தது. சித்திர வேலையைக் கற்றே தீருவதென்று முடிவு செய்தான், கற்றான், ஊரறிந்த தச்சரானான்.

இருபது வயதையொட்டி, வேலை செய்த வீடொன்றில் பழைய ஓவியப் பயிற்சி நூல் கண்ணில் பட்டது. இரவல் வாங்கினார். பகலெல்லாம் உளி, இரவெல்லாம் விளக்கடியில் அந்நூலின் படங்களைப் பார்த்து வரைதல். மாதக்கணக்கில் நடந்தது இந்தத் தவம்.

ஐம்பதைக் கடந்தபின், ஊரிலே கொள்ளையர் தொல்லை தாங்காமல் பீகிங் நகரிலே, இன்றைய பெய்ஜிங்கிலே, குடியேறினார். தச்சன்தானே என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்தனர். விசிறி ஓவியமொன்றுக்கு இரண்டு வெள்ளிக் காசு. மற்றவர் கேட்பதில் பாதி! அதற்கும் வாங்குவார் அதிகமில்லை. சென் ஷிசெங் என்ற ஓவியர் மட்டும் அவர் திறமையை உணர்ந்து, புதுவழி காணுமாறு தூண்டினார். அறுபதை நெருங்கும் வயதிலே பழைய பாணியை உதறினார் சி பாய்ஷி! 1922இல் சென் அவருடைய ஓவியங்களை டோக்கியோ கண்காட்சிக்கு எடுத்துச் சென்றார், அத்தனையும் விற்றுப்போயின. 1925இல் அவர் வரைந்த பன்னிரண்டு மலைக்காட்சிகள், 2017இல் 93 கோடி யுவானுக்குமேல் ஏலம் போயின. அந்தப் பணம் எந்தத் தச்சர் வீட்டுக்கும் போகவில்லை என்பது வேறு செய்தி.

எதை வரைந்தார்? முட்டைக்கோசு, நண்டு, கோழிக்குஞ்சு, மணிச்சட்டம், சருகு வாரும் கைவாரி! சீமான்கள் ஏறெடுத்துப் பாராத பொருள்கள். எல்லாவற்றினும் பேர்பெற்றது இறால். மேசைமேல் கிண்ணத்திலே உயிருள்ள இறால்களை வளர்த்து, அவை நீந்துவதையும் நிற்பதையும் நாள்தோறும் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கூட்டினாரா? இல்லை, குறைத்தார்! கால்களைக் குறைத்தார், கோடுகளைக் குறைத்தார். ஈரத் தூரிகையின் ஒரே இழுப்பில் மை ஓரிடம் கறுத்து, ஓரிடம் வெளுத்து, கண்ணாடி போன்ற உடலாகிவிடும். நீருக்கு ஒரு கோடுகூட இல்லை, வெறுந்தாளே நீர். இதை அருவ ஓவியம் என்பார் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். இறால் இறாலாகத்தான் தெரிகிறது. ஆனால் வேண்டாததைச் செதுக்கித் தள்ளும் அந்தத் துணிவு, தச்சுப்பட்டறை தந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஓவியத்துக்கு விலைப்பட்டியல் எழுதிச் சுவரிலே மாட்டியிருந்தார். அவர் பண ஆசை பிடித்தவர் என்று பேசினார்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்பது எப்போது பேராசையாயிற்று?

அந்தப் பேராசைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? 1937இல் ஜப்பானியப் படை அந்நகரைப் பிடித்தது. கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டார். அதிகாரிகளுக்கு ஓவியம் விற்பதில்லை என்று வாசற்கதவிலே எழுதி ஒட்டினார். 1944இல், ஆக்கிரமிப்பாளர் பிடியிலிருந்த ஓவியக் கல்லூரி அவருக்கு நிலக்கரி ஒதுக்கிச் சீட்டு அனுப்பியது. பீகிங் குளிர் எலும்பைத் துளைக்கும். கரியோ கிடைத்தற்கரிய பொருள். கிழவருக்கு வயது எண்பது. சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

1953இல் சீன அரசு அவரை மக்கள் கலைஞர் என்று பாராட்டியது. உலக சமாதானக் கவுன்சிலின் 1955ஆம் ஆண்டுப் பரிசும் வந்தது. அதன் பிறகும் தூரிகை ஓயவில்லை. 93 வயதில், 1957 செப்டம்பர் 16ஆம் நாள் மறைந்தார். அந்த ஆண்டிலும் மலர்கள் வரைந்துகொண்டுதான் இருந்தார்.