ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பெயர் தந்தவர்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் புறப்படும்போதெல்லாம் 'சதீஷ் தவான் விண்வெளி மையம்' என்று தொலைக்காட்சியில் கேட்கிறோம். அவர் யார் என்பது நம் அங்கத்தினர்களில் இளையவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. பொறியாளனாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அவர் மானசீக குரு.

1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் கணிதமும் இயற்பியலும் படித்தார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதன்பின் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்! 1951-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் டாக்டர் பட்டம் பெற்று, அதே ஆண்டு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, பின்னர் அதன் இயக்குநரும் ஆனார்.

1971 டிசம்பரில் விக்ரம் சாராபாய் திடீரென்று காலமானார். கால்டெக்கில் விடுப்பில் இருந்த தவானை இந்திரா காந்தி அழைத்தார். விஞ்ஞானக் கழகப் பொறுப்பை விடமாட்டேன், தலைமையகம் பெங்களூரில் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் 1972-ல் இஸ்ரோ தலைமையை ஏற்றார். சாராபாய் கண்ட கனவு பெரிது. அதை வரைபடம், கால அட்டவணை, பரிசோதனை என்று இறக்கி வைக்க ஒரு பொறியாளர் தேவைப்பட்டார். ஒரு குழு வடிவமைத்ததை வேறு நிபுணர்கள், வெளிக் கல்விக்கூடங்களைச் சேர்ந்தவர்கள் உட்பட, குடைந்து கேட்கும் ஆய்வு முறையை அவர் வேரூன்றச் செய்தார். பதவியில் பெரியவர் என்பதற்காக யார் கணக்கும் தப்பிவிடாது.

எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் பொறுப்பை ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமிடம் ஒப்படைத்தார். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள். 1979 ஆகஸ்ட் 10 அன்று புறப்பட்டது; ஐந்து நிமிடம் கடந்ததும் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகையாளர்களுக்குத் தவானே பதில் சொன்னதும், மறு வருஷம் வெற்றி கிட்டியபோது கலாமை முன்னால் நிறுத்தியதும் நாடறிந்த கதை. கலாமே மேடைதோறும் சொல்லியிருக்கிறார்.

எனக்கென்னவோ, இடைப்பட்ட பதினோரு மாதங்கள்தான் அதைவிடப் பெரிதாகப் படுகின்றன. ஆய்வில் அகப்பட்டது ஓர் அற்ப விஷயம். இரண்டாம் அடுக்கைத் திசைதிருப்பும் கருவிக்கான நைட்ரிக் அமிலத்தின் வால்வு ஒன்று, புறப்படுவதற்கு எட்டு நிமிடம் முன்பு திறந்ததும், அழுக்கு சிக்கி மூடாமல் நின்றுவிட்டது. அமிலம் ஒழுகிப் போயிற்று. தேவையான நேரத்தில் எரிபொருள் மட்டும் வந்தது. திருப்பும் விசை பிறக்கவில்லை. ஆள் மீது பழி போட்டிருந்தால் இந்த வால்வு யார் கண்ணிலும் பட்டிருக்காது. எங்கள் பணிக்காலத்தில் விசாரணை என்றாலே அவரவர் கோப்பைப் பத்திரப்படுத்துவதுதான் முதல் வேலை!

1980 ஜூலை 18 அன்று அதே ரக ராக்கெட், 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

1984-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய பழவேற்காடு ஏரிப் பறவைகள் மீது அவருக்குத் தனிப் பிரியம். பறவைகள் பறக்கும் விதம் பற்றி ஒரு நூலே எழுதினார். 2002 ஜனவரி 3 அன்று மறைந்தார். அவ்வாண்டே ஏவுதளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.