குப்பைக்குழியில் நைட்ரஜனைப் பிடித்து வைத்தவர்: யார் இந்த ஆல்பர்ட் ஹோவர்ட்?

பவானி சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் நடவுக்கு நிலம் தயாராகும்போது, கட்டுத்தரையை ஒட்டிய குப்பைக்குழிகள் காலியாகத் தொடங்கும். சாணம், மாடு தின்று மிச்சம் வைத்த சோளத்தட்டு, அடுப்புச் சாம்பல் எல்லாம் மட்கிய எரு, டிராக்டர் ஏறித் தோட்டத்துக்குப் போகும். பிறகு பயிர் எழுந்து வரும்போது யூரியா மூட்டையும் போகும். இரண்டிலிருந்தும் பயிர் எதிர்பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்.

கணக்கு என்னவோ மூட்டைக்குத்தான் சாதகம். 45 கிலோ யூரியாவில் சுமார் 20 கிலோ தழைச்சத்து. ஒரு டன் தொழு எருவில் ஏறக்குறைய 5 கிலோதான். அப்படின்னா எதுக்கு இந்தக் குப்பை? இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே 26 ஆண்டுகள் தங்கி விடை தேடியவர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

காற்றில் இருக்கு, பயிருக்கு எட்டாது

அவர் கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் இரண்டிரண்டு அணுக்களாக இறுகப் பிணைந்திருக்கும் அதைப் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிணைப்பை உடைக்கும் வித்தை சில பாக்டீரியாக்களுக்குத் தெரியும். நிலக்கடலை, தட்டப்பயறு, சணப்பை வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியுமே, அதற்குள் குடியிருக்கும் ரைசோபியம் இந்த வேலையைச் செய்கிறது.

செடியும் விலங்கும் மடிந்தால் வேறு பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரைட்டாகவும், மற்றொன்று நைட்ரேட்டாகவும் மாற்றும். பெரும்பாலான பயிர்கள் விரும்பி உறிஞ்சுவது நைட்ரேட்டை. மண்ணில் காற்று இல்லாமல் தண்ணீர் தேங்கினால், கடைசியாக ஒரு கூட்டம் அந்த நைட்ரேட்டை மறுபடி வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடும். இதுதான் நைட்ரஜன் சுழற்சி. இதன் முக்கியமான கட்டங்களையெல்லாம் ஐரோப்பிய விஞ்ஞானிகள் 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைச் சாதாரண விவசாயியின் குப்பைக்குழியில் வேலை செய்ய வைப்பது எப்படி என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

விவசாயி மகன், ஆய்வகத்தில் சலிப்பு

ஹோவர்ட் 1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்க் கரும்பு நோய்களை ஆராய்ந்தார். அங்கேதான் அவருக்கு ஒரு உறுத்தல். ஆய்வகத்தில் உட்கார்ந்து நோய்க்குப் பெயர் வைக்கிறோம், ஆனால் சொந்தமாக ஒரு பயிரைக்கூட விளைவித்துப் பார்க்காமல் விவசாயிக்கு என்ன ஆலோசனை சொல்ல முடியும் என்று யோசித்தார்.

1905-ல் பிகாரின் பூசாவில் தொடங்கிய வேளாண் ஆய்வு நிலையத்துக்குத் தாவரவியலாளராக வந்தார். டெல்லியில் இன்று பூசா என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் பூர்விகம் அதுதான். 1934 பூகம்பத்துக்குப் பிறகே அது டெல்லிக்கு மாறியது. வந்த வருஷமே கேப்ரியல் மத்தேயியைத் திருமணம் செய்தார். கேப்ரியல் அப்போதே ஒளிச்சேர்க்கை ஆய்வில் பெயர் பெற்ற விஞ்ஞானி. அதன்பின் எல்லா ஆய்விலும் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். இவர்கள் உருவாக்கிய பூசா 4, பூசா 12 கோதுமை ரகங்கள் நன்றாகப் பரவின.

பூசாவில் தனக்குக் கிடைத்த 75 ஏக்கரில் ஹோவர்ட் ரசாயன உரமோ பூச்சி மருந்தோ இல்லாமல் பயிர் செய்தார். சுற்றியிருந்த விவசாயிகள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆட்சி செய்ய வந்த நாட்டின் அதிகாரி ஒருவர், குடியானவர்களையே ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டது அந்தக் காலத்தில் அபூர்வம்.

அங்கே அவுரிச் செடிகள் வாடிச் சாவது பெரிய பிரச்சினையாக இருந்தது. ஹோவர்ட் தம்பதி இலையை விட்டுவிட்டு வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். மழையில் இறுகிப்போன மண்ணில் காற்று இல்லாமல் நுண்வேர்களும் வேர் முடிச்சுகளும் அழிந்திருந்தன. மண்ணுக்குள் இருக்கும் உயிர்களுக்கும் மூச்சு விட வேண்டும் என்ற பாடம் அவரை விடவே இல்லை.

இந்தூரில் 300 ஏக்கர்

பூசாவில் வேதியியலுக்கு ஒரு துறை, பூஞ்சைக்கு ஒரு துறை, பூச்சிக்கு ஒரு துறை. ஒரே செடியை ஆளுக்கொரு துண்டாகப் பார்க்கும் இந்த முறை ஹோவர்டுக்கு ஒத்துவரவில்லை. 1924-ல் இந்தூரில் பருத்தி ஆய்வுக்காகத் தொடங்கிய நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். கைவசம் 300 ஏக்கர், 40 எருதுகள். உடன் வேலை செய்தவர் யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளர்.

அங்கே அவர்கள் மெருகேற்றிய கம்போஸ்ட் முறைக்குத்தான் இந்தூர் முறை என்று பெயர். 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு குழி. அதில் பருத்தி மாறு, களை, இலைதழைகளை அடுக்க வேண்டும். மாறு கெட்டியாக இருக்கும் என்பதால் பண்ணைப் பாதையில் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறி நொறுங்க விடுவார்கள். அதன்மேல் சாணம், மரச்சாம்பல், மாட்டு மூத்திரம் ஊறிய கட்டுத்தரை மண். ஈரம் காயாமல் தண்ணீர். காற்றுப் போக மூன்று முறை கிளறல். மூன்றே மாதத்தில் எரு தயார். ஒரு ஜோடி எருதுக்கு ஆண்டுக்குச் சுமார் 50 வண்டி எரு கிடைத்தது.

33-க்கு 1: இதுதான் சூட்சுமம்

சரி, எல்லா ஊரிலும் குப்பையைக் குவிக்கிறார்களே, இதில் என்ன புதுசு? கணக்குதான் புதுசு. பாக்டீரியாவுக்குக் கரிமம்தான் எரிபொருள், நைட்ரஜன் உடம்பைக் கட்டும் பொருள். காய்ந்த தட்டையை அப்படியே வயலில் உழுதால் அதில் கரிமம் ஏராளம், நைட்ரஜன் சொற்பம். பாக்டீரியா பெருகும்போது குறைகிற நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளடித்து நிற்கும். மாறாக, வெறும் சாணமும் மூத்திரமும் குவிந்தால் நைட்ரஜன் மிச்சமாகி அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

குழியில் கரிமமும் நைட்ரஜனும் 33-க்கு 1 என்ற விகிதத்தில் தொடங்கினால் எதுவும் வீணாகாது என்று ஹோவர்டும் வாட்டும் கண்டார்கள். கரிமத்தில் பெரும்பகுதி எரிந்து வெளியேற, நைட்ரஜன் பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே தங்கும். முடிவில் விகிதம் 10-க்கு 1 அளவுக்கு இறங்கும். அந்த எரு மண்ணுக்குப் போனதும் நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். யூரியா கையிருப்புப் பணம் மாதிரி, சட்டென்று கரையும். கம்போஸ்ட் மாதாமாதம் வட்டி தரும் வைப்புத்தொகை மாதிரி.

உங்க அபார்ட்மென்ட் கம்போஸ்ட் டிரம்மில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வருதா? நைட்ரஜன் பறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ சேர்த்துக் கிளறிவிடுங்க. நீங்கள் செய்வதும் இந்தூர் கணக்குதான்.

புகழும் பிடிவாதமும்

1930-ல் கேப்ரியல் இறந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். வேளாண் கழிவுகளை மட்காக்குவது பற்றி வாட்டுடன் எழுதிய நூல் அதே 1931-ல் வந்தது. 1934-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1940-ல் வெளியான அவருடைய வேளாண் நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இயற்கை வேளாண் இயக்கத்துக்கு விதை போட்டது. இந்தியா சுதந்திரம் பெற்ற இரண்டு மாதம் கழித்து, 1947 அக்டோபரில் அவர் காலமானார்.

பின்னாளில் அவர் ரசாயன உரத்தை அடியோடு எதிர்த்தார். மண்ணில் மட்கு இருந்தால் பயிர், மாடு, மனிதர் யாருக்கும் நோய் அண்டாது என்ற அளவுக்குப் போனார். அதற்குத் தேவையான ஒப்பீட்டுச் சோதனைகள் அவரிடம் இல்லை என்று சக விஞ்ஞானிகள் விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. காற்று நைட்ரஜனை ஆலையில் உரமாக்கும் ஹேபர்-போஷ் முறை இல்லையென்றால் இன்றைய மக்கள்தொகைக்குச் சோறு போட முடியாது.

கோவை வயல் சொல்லும் தீர்ப்பு

அப்போ யார் சரி? இதற்குப் பதில் கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு, நாட்டின் மிகப் பழைய வயல் ஆய்வுகளில் ஒன்று. அங்கேயே 1972-ல் இன்னொரு நீண்டகால ஆய்வும் தொடங்கியது. அதில் விளைச்சலிலும் மண்ணின் கரிமச்சத்திலும் முன்னால் நிற்பது, சமச்சீர் உரத்தோடு தொழு எருவும் சேர்ந்த நிலம்.

இதில் பணயம் பெரிது. நெல்லுக்குப் போடும் தழைச்சத்து உரத்தில் பாதிக்கும் மேல் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதி நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் அதற்கு இந்திய வரம்பு. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிறது. அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

அதனால்தான் 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கை 5:4:1 விகிதத்தில் கலந்து போடச் சொல்லும் பரிந்துரையும் அதற்காகத்தான். வேம்பு, நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைத்து, பயிருக்கு அவகாசம் தருகிறது.

மூட்டையே வேண்டாம் என்ற ஹோவர்டின் பிடிவாதம் நிற்கவில்லை. ஆனால் மூட்டையில் வரும் நைட்ரஜனும் கடைசியில் மண்ணில் இருக்கும் உயிர்களின் கையில்தான் போய்ச் சேர்கிறது. அவற்றுக்குத் தீனியும் காற்றும் கொடுக்காத நிலத்தில், எத்தனை மூட்டை கொட்டினாலும் பாதிக் காசு கிணற்றுக்கும் வானத்துக்கும்தான்.