தொழிலாளர் தோழர் வ.உ.சி.

வ.உ.சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். கப்பலோட்டிய தமிழர் என்றே பலரும் அவரை அறிவர். தொழிலாளர்களுக்காக அவர் நடத்திய போராட்டம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

தூத்துக்குடியில் ஆங்கிலேயர் நடத்திய கோரல் நூற்பாலையில் தொழிலாளர்கள் விடியற்காலை முதல் இருட்டும்வரை உழைத்தனர். கூலியோ மிகக் குறைவு. வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வேலைக்குப் போகாதவர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? வ.உ.சி. ஊராரிடம் நிதி திரட்டி அவர்களுக்கு உணவு கிடைக்கச் செய்தார். சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார். ஊரே தொழிலாளர் பக்கம் சேர்ந்தது. போராட்டத்தைக் குறைகூறிய ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த நாவிதர், பாதி மழித்த நிலையிலேயே அவரை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம்!

ஒன்பது நாள் கழித்து நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியை உயர்த்தவும் வேலை நேரத்தைக் குறைக்கவும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவும் ஒப்புக்கொண்டது. தொழிலாளர்கள் ஆலைக்குத் திரும்பினர்.

வ.உ.சி.யின் செல்வாக்கு வளர்வதை ஆங்கில அரசு விரும்பவில்லை. மார்ச் 12ஆம் நாள் அவரைக் கைது செய்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். 1912இல் விடுதலையானபோது அவருடைய கப்பல் நிறுவனம் இல்லை. வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமையும் இல்லை.