புகைபோக்கி வைத்த ஆடிட்டர்

ஆரணிக்கு வந்திருக்கீங்களா? வந்திருந்தா பட்டுப்புடவை எடுக்கத்தான் வந்திருப்பீங்க. அந்தப் புடவைக்கு நிறம் ஏறுகிற சாயப்பட்டறைக்குள்ள போயிருக்க மாட்டீங்க. நான் அதுக்குள்ளேயே ஓடி விளையாடி வளர்ந்தவன். எங்க பெரியப்பா பட்டறை. கச்சாப் பட்டு நூல் எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெறும் பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் பளபளப்பு வரும், சாயமும் பிடிக்கும். அதனால காலையில் மூட்டுற அடுப்பு சாயங்காலம் வரைக்கும் எரியும். விறகு அடுப்பு, கண்ணெல்லாம் எரிச்சல். கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டிருந்தார் தாத்தா. புகை அது வழியா போகும்.

போன வருஷம் விறகை விட்டுட்டு கேஸ் பர்னருக்கு மாறினோம். புகையே இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம். பர்னர் மாட்ட வந்தவர், காத்தடிச்சா தீ அலையும்னு சொல்லி ஜன்னலை அடைக்கச் சொன்னார். கூரை இடைவெளிக்கும் தகர ஷீட் அடிச்சாச்சு. புகையே வராத அடுப்புக்கு எதுக்கு ஓட்டைன்னு எல்லாரும் கேட்டோம். நானும் கேட்டேன். நான் மெக்கானிக்கல் பைனல் இயர், தெர்மோடைனமிக்ஸில் நல்ல மார்க் வாங்கினவன் என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

கார்த்திகை மாசம், விடாத மழை. கதவையும் சாத்திட்டு வேலை நடந்தது. மத்தியானம் ரெண்டு அண்ணன்களுக்குத் தலைவலி, வாந்தி. ஒருத்தர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே முடியலை. வெளியே தூக்கிட்டு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்லவேளை, ரெண்டு பேரும் பிழைச்சுக்கிட்டாங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கதவு சாத்தியிருந்ததா என்பதுதான்.

ஒரு கிலோ சமையல் கேஸ் முழுசா எரிய சுமார் 15 கிலோ காற்று வேணும். அது கிடைக்காட்டி தீ அணையாது, அரைகுறையா எரியும். அப்போ வர்றது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கேஸ் கசிந்தால் நாற்றம் வருமே என்று கேட்பீங்க. அது கசிவைக் காட்டிக்கொடுக்க வேணும்னே கலந்த வாசனை, எரிந்து முடிந்த வாயுவில் அது இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விறகுப் புகை இருமல் வரவழைத்து நம்மை வெளியே துரத்தும். இது அப்படித் துரத்தாது.

அதுக்கப்புறம் என் ப்ராஜெக்ட்டே புகைபோக்கி பற்றி ஆயிடுச்சு. ரிப்போர்ட்டில் வரலாறு என்று ஒரு பகுதி எழுதணுமே, அதுக்காகத் தேடும்போது ‘மகன் சூல்ஹா’ என்று ஒரு அடுப்பு கிடைத்தது. புகையில்லா அடுப்பு, 1947 வாக்கில் வந்தது. அடுப்புக்கு எதுக்கு மகன், மகள் என்று சிரிச்சேன். காந்தியின் உறவினர் மகன்லால் காந்தி பெயரில் வார்தாவில் இருந்த மகன்வாடியில் உருவானதால் அந்தப் பெயர். அந்த மகன்வாடியை நடத்தியவர் நம்ம ஊர்க்காரர், ஜே.சி. குமரப்பா. பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. காந்தியப் பொருளாதாரம் என்றால் ஒரு மார்க் கேள்வியில் வருவார். நானும் அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன்.

1892 ஜனவரி 4, தஞ்சாவூர். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்று பெயர். குமரப்பா என்பது குடும்பத்தின் பழைய பெயர், பின்னாளில்தான் அதை எடுத்துக்கொண்டார். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்தார். நம்ம பாஷையில் சொன்னா செட்டில் ஆயிட்டார். அதற்குப் பிறகு, முப்பத்தைந்து வயதில், மறுபடி படிக்க அமெரிக்கா போனார். சிரக்யூஸில் ஒரு பட்டம், 1928இல். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகம். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே ஒரு சர்ச்சில் அவர் பேசியது செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவை ஆடிட்டர் கண்ணோடு படிக்கப் படிக்க, பணம் எந்தப் பக்கம் போகுது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஆய்வைக் காந்தியிடம் காட்ட 1929 மே 9 அன்று சபர்மதிக்குப் போனார். கோட்டு சூட்டு ஆள். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய்விட்டார். மரத்தடியில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். நேரம் ஆகட்டும் என்று அவரையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கிழவர்தான் காந்தி என்று தெரிந்ததும், சாணம் மெழுகிய தரையில் அதே பேன்ட்டோடு சிரமப்பட்டு உட்கார்ந்தார். அதன்பின் பம்பாய் தொழிலுக்கு அவர் திரும்பவே இல்லை.

காந்தி கொடுத்த முதல் பெரிய வேலை, குஜராத்தின் மாதர் தாலுகாவில் 54 கிராமங்களின் பொருளாதாரத்தை வீடு வீடாகக் கணக்கெடுப்பது. ஏழ்மையை உள்ளே போய்ப் பார்த்து எண்ணினார். நம்ம ஊர் ப்ராஜெக்ட்டில் கூகுள் ஃபார்ம் அனுப்பிட்டு சர்வே முடிஞ்சதுன்னு சொல்றோமே, அது ஞாபகம் வந்து உறுத்துச்சு. 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் பணப் பொறுப்பு இவரிடம். காந்தியும் அவரோடு வந்தவர்களும் தங்கும் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது, அது பாதிக்கப்பட்டவர்கள் பணம் என்று மறுத்துவிட்டார். காந்தியும் ஒத்துக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் ஆரம்பமானது. செயலாளர் குமரப்பா. எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். மகன்வாடியை ஆசிரமம் என்று சொல்லலாம், ஆனா எனக்கு அது ஒரு ஆர்&டி லேப் மாதிரித்தான் தெரியுது. எண்ணெய்ச் செக்கு, கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு என்று கிராமத்து வேலை ஒவ்வொன்றையும் எடுத்து, எங்கே சக்தி வீணாகுது, எங்கே உடம்பு கெடுது என்று பார்த்துத் திருத்தினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கே வந்தது. அதே வரிசையில்தான் இந்த அடுப்பும். களிமண் அடுப்பு, புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோக ஒரு குழாய். பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனா அதுவரைக்கும் தேசத்தின் பொருளாதாரம் என்று பேசிய யாருடைய கணக்கிலும் சமையலறைப் புகை ஒரு செலவாக வந்ததில்லை என்று நினைக்கிறேன். அடுப்பை அவரே தன் கையால் வடிவமைத்தார் என்று நான் சொல்லலை. இந்த மாதிரி வேலையெல்லாம் ஒரு நிறுவனத்தின் வேலை என்று வைத்தது அவர்.

குழாய் எப்படி இழுக்குது? உள்ளே சூடான வாயு லேசு, வெளியே குளிர்ந்த காற்று கனம். குழாய் உயரம் கூடினால் இழுவை கூடும். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். உள்ளே வர காற்றுக்கு வழி இல்லாட்டி எவ்வளவு உயரக் குழாயும் வீண். இதில் கடைசி வரியைத்தான் நாங்கள் தகர ஷீட்டால் மூடினோம்.

வெள்ளையனே வெளியேறு காலத்தில் அவருக்குச் சிறை. ஜபல்பூர் சிறையில் நிலைத்த பொருளாதாரம் பற்றிய புத்தகத்தை எழுதினார், அது 1945இல் வந்தது. நிலக்கரி, பெட்ரோலியம் எல்லாம் தேக்கி வைத்த தொட்டி, எடுக்க எடுக்கக் குறையும். மரமும் பயிரும் ஓடுகிற ஆறு என்று அவர் பிரித்தார். அதனால அவர் எங்க பட்டறைக்கு வந்தா சிலிண்டரைப் பார்த்துக் கண்டிப்பா சண்டை போடுவார். அந்தச் சண்டையில் நான் பெரியப்பா பக்கம். விறகுப் புகையில் முப்பது வருஷம் நின்ற நுரையீரல் அவருடையது.

இன்னொன்றும் சொல்லணும். புகைபோக்கி அடுப்பு ஜெயித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1953இல் ஒரு நல்ல மாதிரியை வெளியிட்டார். 1980களில் மத்திய அரசு பெரிய திட்டமாகவே எடுத்து, 3 கோடிக்கு மேல் அடுப்புகள் கொடுத்தது. நிறைய வீடுகளில் குழாயில் கரி அடைத்தது, சுத்தம் பண்ண ஆளில்லை, அடுப்பும் மூலையில் கிடந்தது. 2002இல் திட்டம் நின்றது. மாட்டும்போது படம் எடுக்க வர்றவங்க துடைக்க வர்றதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார் குமரப்பா. அரசு பெரிய ஆலைகள் பக்கம் போனது, இவர் ஒத்துப்போகவில்லை. மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் சின்னக் குடிசையில் கடைசி வருடங்கள். அங்கே காந்தி படத்தோடு ஒரு ஏழைக் கிராமத்தானின் படமும் வைத்திருந்தார், அவரைத் தன் குருவுக்கே குரு என்பாராம். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில், காலமானார்.

எங்க பட்டறைக்கு வர்றேன். ஷீட்டைக் கழற்றியாச்சு. தாத்தா விட்ட இடைவெளி திரும்ப வந்தது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும் என்பதால் சுவரின் அடியிலும் ரெண்டு ஜன்னல் வைத்தோம். சிலிண்டர்கள் வெளியே போச்சு. அண்டாக்களுக்கு மேலே தகரக் கூண்டு, அதிலிருந்து நேரான குழாய், கூரை உச்சியைவிட உயரமாக. சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம். தீ நீலமா இல்லாம மஞ்சளா ஆடினா பர்னரை நிறுத்திடணும்னு அண்ணன்களுக்கே இப்போ தெரியும். பெரியப்பா என்னிடம் கொடுத்த ஒரே பொறுப்பு, ஊருக்கு வரும்போதெல்லாம் குழாயைப் பார்ப்பது. பொங்கல் லீவில் ஏறிப் பார்த்தேன். மேல்மூடிக்குள்ள ஒரு புறா பாதிக் கூடு கட்டியிருந்தது. முட்டை இல்லை. எடுத்துட்டு வலை அடிச்சேன்.